ஒரு படிவத்தை வாசித்தல்: குடி, வழி, வசிப்பு

சென்ற ஆண்டுக் கடைசியில் திருச்சியில் நண்பர்கள் நடத்தும் வாசிப்பு வட்டம் ஒன்றில் மலையக எழுத்து குறித்துப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டு நிற்கையில், தொழிற்சங்க வேலையில் நெடுநாள் பழுத்த தோழர் ஒருவர், கொட்டப்பட்டு முகாமை மனதில் வைத்து, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: "நாப்பது வருஷமா இங்கதான இருக்காங்க. அவங்க பாட்டன் பூட்டன் எல்லாம் நம்ம துறையூர், பெரம்பலூர் பக்கத்து ஆளுங்கதான். எழுதிக் கொடுத்தா குடியுரிமை குடுக்க வேண்டியதுதானே? என்ன பிரச்சினை?"

என் பதில் அன்று குளறுபடியாக இருந்தது. 1948 என்றேன், 1964 என்றேன், நடுவில் என் அம்மாவழித் தாத்தாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். தோழர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்பச் சிக்கலா இருக்கும்போல" என்று கிளாசை வைத்துவிட்டுப் பஸ்சுக்குப் போனார். சிக்கல் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுவது அதிகாரத்துக்கு மிகவும் வசதி. ஆகவே இது அவருக்கான பிந்திய பதில்.

அவருடைய கேள்விக்குள் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவன் அந்த இடத்துக்காரன் என்பது ஒன்று. முன்னோர் எந்த ஊரோ அந்த ஊர்க்காரன் என்பது மற்றது. ஒன்று இருந்தாலே போதும், இரண்டும் இருந்தால் கேள்வியே இல்லை என்பது நம் பொதுப்புத்தி. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குரிய தொழில்வியாதியோடு சொல்வதென்றால், நமது சொல்லே அப்படித்தான் இருக்கிறது. 'குடி' என்றால் வீடு, வசிப்பு. குடியிருத்தல், குடிபுகுதல், குடிபெயர்தல் எல்லாம் அதிலிருந்து வருபவை. அதே 'குடி' வம்சத்தையும் குறிக்கும். உழுகிறவனும் குடிதான், நிலத்துக்காரனின் மேல்வாரத்துக்கு எதிரே உழுதவனுக்குக் குடிவாரம் என்று ஒரு பங்கு இருந்தது. தென்மாவட்டத்துக் கிராமங்களில் 'குடிமகன்' என்றால் நாவிதர். உரிமையில்லாமல் கடமை மட்டும் உள்ளவரைக் குறித்த சொல்லையே பிற்பாடு சிட்டிசனுக்கு எடுத்துக்கொண்டோம். இதை யாராவது தனியே எழுத வேண்டும். மலையகத்தில் குடியுரிமை என்று சொல்வது குறைவு, 'பிரஜாவுரிமை' என்பார்கள். சமஸ்கிருதத்தில் பிரஜை என்றால் அரசனின் கீழ் உள்ளவர், பெற்ற பிள்ளை இரண்டும். வசிப்பையும் வழியையும் மொழி ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது. சட்டம் அந்த முடிச்சை அவிழ்த்து இரண்டு தனித்தனி நிபந்தனைகளாக்கி, எதை எப்போது கேட்பது என்ற தேர்வைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது.

இது நம் பக்கத்துக்கு மட்டும் உரிய விஷயமல்ல. ஜெர்மனியில் 1913ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை ரத்தவழி வந்தது. 1961இல் துருக்கியோடு போட்ட ஒப்பந்தத்தின் பேரில் ஆலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் பெர்லினில் பிறந்து, பெர்லின் ஜெர்மன் பேசி வளர்ந்தும் அந்நியர்கள். பல தலைமுறைக்கு முன்பு ரஷ்யாவுக்குப் போன குடும்பத்தின் வாரிசு வந்து இறங்கினால் ஜெர்மானியர். 2000த்தில்தான் பெற்றோரின் எட்டாண்டு வசிப்பின் பேரில் அங்கே பிறந்த பிள்ளைக்குக் கதவு திறந்தது. 2024இல் அது ஐந்தாண்டாகக் குறைந்தது. ஹன்னா அரெந்த் 1951இல், நாடற்றவர் இழப்பது இந்த உரிமை அந்த உரிமை என்பதல்ல, உரிமை கோரி நிற்பதற்கான இடத்தையே என்று வாதிட்டார். அவர் ஐரோப்பாவை வைத்துப் பேசினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், நமக்குப் பதினெட்டு மைல் தள்ளி, ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட தமிழர்கள் ஒரு சட்டத்தால் அந்த இடத்தை இழந்திருந்தார்கள். அரெந்தை மேற்கோள் காட்டுகிற நம் கட்டுரைகளில் தேயிலைத் தோட்டத்து லயம் வருவதில்லை. 'துன்பக்கேணி'யைப் படித்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறோம்.

*

இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம். அந்த ஆண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதன் மையப் பிரிவு எளிமையானது. அந்தத் தேதிக்கு முன் இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜை ஆக வேண்டுமானால் அவருடைய தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்குப் பின் பிறப்பவருக்குத் தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும். அம்மா எங்கே பிறந்தாள் என்பதற்கு மதிப்பில்லை. கொழுந்து கிள்ளி அந்த நாட்டின் வருமானத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சட்டத்தில் தமிழன், இந்தியன், தோட்டத் தொழிலாளி என்ற சொற்கள் விலக்கும் சொற்களாக வரவில்லை. எல்லோருக்கும் ஒரே நிபந்தனை. அங்கேதான் அதன் நுட்பம். தகப்பன் பிறந்ததற்குச் சான்று சிங்களக் கிராமத்து விவசாயியிடமும் பெரும்பாலும் இருந்திருக்காது. ஆனால் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. பொதுவான விதி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதில்தான் அது யாருக்கான விதி என்பது தெரியும்.

1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள் ஏழு லட்சத்து எண்பதாயிரம் பேர். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனது அந்தத் தேர்தலில்தான். 1949இல் வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. 1952 தேர்தலில் தோட்ட மக்கள் சார்பில் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை. 'நாடற்றவர் கதை' என்று பிற்காலத்தில் அவர் ஒரு நூலுக்குத் தலைப்பிட்டதை உருவகம் என்று வாசித்துவிடக் கூடாது.

வழியால் வர முடியாதவர்களுக்கு வசிப்பால் வர ஒரு கதவு என்று சொல்லி, 1949இல் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னால் மணமானவர் ஏழாண்டும் மற்றவர்கள் பத்தாண்டும் தொடர்ச்சியாக வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். நியாயமான வருமானம் இருக்க வேண்டும். இரண்டே ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 1951 ஆகஸ்டுக்குள் இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரம் மனுக்கள் போயின. குடும்பத்தோடு கணக்கிட்டால் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்கள். பத்தாண்டுக்கு மேல் இழுத்து முடித்தபோது பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஒரு லட்சத்து முப்பத்து நான்காயிரம் சொச்சம்.

அந்த மனுக்களில் ஒன்று என் தாத்தாவுடையது. 1920இல் துறையூருக்குப் பக்கத்தில் பிறந்து, ஆறு வயதில் கங்காணியோடு போன குடும்பம். விசாரணையில் தாத்தா எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். 1940இல் ஊரில் அவருடைய சித்தப்பா இறந்த காரியத்துக்குப் போனவர் பதினான்கு மாதம் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலிகள் போவதைத் தடை செய்திருந்தது. அனுமதி வாங்க அலைந்ததில் மாதங்கள் ஓடிவிட்டன. தாத்தா இதை மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. "பதினாலு மாசம்னு நானே வாயக் குடுத்தேன்" என்று சாகும்வரை சொல்வாராம். இந்திய அரசு போட்ட தடை அவருடைய இலங்கை வசிப்பை அறுத்தது. அம்மாயி மட்டும் வேறுவிதமாகச் சொல்லும்: "பெரட்டுல தினம் பேர் கூப்பிட்டாங்களே, அந்தப் புத்தகத்தப் பாத்தாத் தெரியாதா?" செக்ரோலில் ஒவ்வொரு நாளும் பேர் ஏறியிருந்தது உண்மை. ஆனால் அது கூலி கணக்குக்கான புத்தகம். வேலைக்கு வந்ததற்கு அது அத்தாட்சி, வாழ்ந்ததற்கு இல்லை போலும்.

வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க மறுக்கப்பட்டதை எதிர்த்துக் கொடக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1953இல் தோற்றது. தீர்ப்பில் ஒரு வாதம் வருகிறது: இந்தியத் தமிழர்களின் இடம்பெயரும் பழக்கம் அவர்கள் பிரஜைகளாகத் தகுந்தவர்களா என்பதற்கு நேரடியாகப் பொருந்தும் உண்மை, ஓர் இனம் என்ற முறையில் அவர்களுக்கு எதிரான ஓரவஞ்சனை அல்ல. துண்டுக்கும் கடனுக்கும் கட்டுப்பட்டு, மண்டபம் முகாமில் தடுத்துவைத்து மருந்தடித்து அனுப்பப்பட்டவர்களின் போக்குவரத்து, சட்டத்தின் வாசிப்பில் 'பழக்கம்' ஆகிறது. வெற்றிலை போடுவதைப்போல.

*

இதற்குப் பிறகு வருவது வழியும் இல்லை, வசிப்பும் இல்லை, வெறும் எண்ணிக்கை. 1964 அக்டோபர் 30, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் நாடற்றவர்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அதையும் ஆளுக்கு எழுபத்தையாயிரம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் கப்பலேறினால் நாலு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்ற விகிதம். பேசிய மேசையில் அந்த மக்களின் பிரதிநிதி ஒருவரும் இல்லை. மனு கேட்டபோது இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஒதுக்கீட்டைவிடக் குறைவு, இலங்கைக்கு எழுதியவர்கள் ஒதுக்கீட்டைவிட மிக அதிகம். மக்கள் தங்கள் குடி எதுவென்று எழுத்தில் சொன்ன அபூர்வமான தருணம் அது. கணக்கு ஒத்துவரவில்லை என்பதோடு அதன் மதிப்பு முடிந்தது.

எங்கள் குடும்பம் இங்கேதான் இரண்டாகிறது. தாத்தா ஏற்கெனவே ஒருமுறை தள்ளுபடியானவர். இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இந்திய அரசியலமைப்பின் எட்டாவது உறுப்பு, வெளிநாட்டில் வசிப்பவர் தானோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமகனாகலாம் என்கிறது. வழிக்கு அங்கே மதிப்பிருந்தது, மூன்று தலைமுறைவரை. 1973இல் ஹட்டனிலிருந்து ரயில் ஏறினார்கள். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று பேர். அப்புறம் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அரசுக் காகிதத்தில் இவர்களுக்குப் பேர் 'தாயகம் திரும்பியோர்'. அம்மா அதற்கு முன் தாயகத்தைப் பார்த்ததே கிடையாது, திரும்புவது எப்படி? கூடலூர் கடைத்தெருவில் வேறு பேர் இருந்தது: சிலோன்காரங்க.

தாத்தாவின் தம்பி, எனக்குச் சின்னத் தாத்தா, 1934இல் தோட்டத்திலேயே பிறந்தவர். அவர் இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். "பொறந்த மண்ண விட்டு நான் ஏன் போகணும்" என்று அண்ணனோடு சண்டை. பதில் வரவில்லை. 1977 கலவரத்தில் லயம் எரிந்தபோது வவுனியாவுக்குப் போனார்கள். 1984இல் படகில் ராமேஸ்வரம். மறுபடியும் மண்டபம் முகாம். கூலிகளைத் தடுத்துவைத்து அனுப்பிய அதே இடம், தாயகம் திரும்பியோரை வரவேற்ற அதே இடம், இப்போது அகதிகளுக்கு. அகதி என்ற சொல்லை நாம் கவிதையில் நிறையப் புழங்கிவிட்டோம். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆகவே பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர்களுக்குச் சட்டத்தில் உள்ள பேர் 'சட்டவிரோதக் குடியேறி'. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3இல் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பேர் ஒரு பூட்டாகிவிட்டது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், தோழரின் கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955இல், வெளியிலிருந்து வந்தவர்களுக்கு முக்கியமாக இரண்டு வாசல்கள். ஆறாவது பிரிவு, இயல்புரிமை: மனுவுக்கு முந்தைய பன்னிரண்டு மாதம் தொடர்ந்தும், அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டில் பதினோரு ஆண்டும் இங்கே இருந்திருக்க வேண்டும். ஐந்தாவது பிரிவு, பதிவு: இந்திய வம்சாவளியினர் ஏழாண்டு இங்கே வசித்திருந்தால் போதும். முதலாவது வசிப்பு; இரண்டாவது வழியும் வசிப்பும் கலந்தது. இரண்டிலுமே, சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அதாவது வந்த நாளில் கையில் காகிதம் இல்லையென்றால் அதற்குப் பிறகு வாழ்ந்த நாள் ஒன்றுகூடக் கணக்கில் வராது. பத்தாண்டு வாழ்ந்தாலும் நாற்பதாண்டு வாழ்ந்தாலும் பூஜ்யம்.

இதில் எனக்கு ஆறாத ஒரு விஷயம். இந்த நாட்டில் யாருடைய வசிப்பு மிகத் துல்லியமாக ஆவணப்பட்டிருக்கிறது என்று கேட்டால் முகாம்வாசியுடையது என்றுதான் சொல்வேன். என்னுடைய நாற்பது மாத வசிப்பைத் தொடர்ச்சியாக நிரூபிக்கச் சொன்னால் முழிப்பேன். சித்தி வீட்டில் மாதாமாதம் கணக்கெடுப்பு. வருவாய்த்துறை ஆள் வந்து வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு, ஆளைப் பார்த்து, கையெழுத்து வாங்குவார். அதை வைத்துத்தான் உதவித்தொகை. கல்யாணம் காரியம் என்று வெளியூர் போனாலும் அன்றைக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் பதிவு வெட்டுப்படும் என்ற பயம். 1984 முதல் இன்றுவரை அரசாங்கமே எழுதி, அரசாங்கமே வைத்திருக்கிற வசிப்புச் சான்று அது. அம்மாயி செக்ரோலைப் பற்றிக் கேட்ட கேள்வி இங்கேயும் அப்படியே பொருந்தும். கண்காணிப்பதற்காக எழுதப்படும் பேர், உரிமைக்காக வாசிக்கப்படுவதில்லை.

வழி என்ன ஆயிற்று? அரசியலமைப்பின் எட்டாவது உறுப்பு பாட்டன் பாட்டிவரை போகிறது என்றேன். ஐந்தாவது பிரிவில் இன்று உள்ள விளக்கம், மனுதாரரோ அவருடைய பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும் என்று நின்றுவிடுகிறது. சித்தி 1964இல் பிறந்தவள், 'ஒப்பந்தத்தோட பொறந்தவ' என்று வீட்டில் கேலி உண்டு. அவளுடைய அப்பா, அம்மா இருவரும் தோட்டத்தில் பிறந்தவர்கள். பாட்டன் துறையூர். எட்டாவது உறுப்பின் அளவுகோலில் அவள் இந்திய வம்சாவளி. ஐந்தாவது பிரிவின் அளவுகோலில் இல்லை. அவளுடைய சொந்த அக்கா முறையான என் அம்மா, தாத்தா துறையூரில் பிறந்த காரணத்தால், இரண்டிலும் வம்சாவளி.

இரண்டு நாட்டுச் சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. 1948இல் கொழும்பு சின்னத் தாத்தாவிடம் கேட்டது: உன் தகப்பன் எங்கே பிறந்தான்? அவர் சொல்லவேண்டிய பதில், துறையூர். தள்ளுபடி. இன்று டெல்லி அவருடைய மகளிடம் கேட்கிறது: உன் தகப்பன் எங்கே பிறந்தான்? அவள் சொல்லவேண்டிய பதில், இலங்கை. தள்ளுபடி. ஒரே கேள்விதான். தலைமுறை ஒன்று நகர்ந்தபோது சரியான பதிலும் கடலைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது. இரு அரசுகளும் பேசிவைத்துச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. சதி தேவையே இல்லை. வழி என்பதை எத்தனை தலைமுறைக்கு எண்ணுவது, வசிப்பை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதை நிர்ணயிக்கும் அதிகாரம் ஒரு பக்கமே இருந்தால் போதும்.

தேதி செய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பிறந்தாலே குடியுரிமை என்பது 1987 ஜூன் 30வரை இருந்தது. அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். சித்திக்கு முகாமில் கல்யாணமாகி மகள் பிறந்தது 1986. மகன் 1991. மண்டபத்தில் 1986இல் பிறந்த வேறொரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்ட வழக்கில், அவர் பிறப்பால் இந்தியக் குடிமகளே என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் சொன்னது. அதன்படி அக்கா இந்தியர். தம்பி, அதே தாய், அதே ஓலைக்கொட்டகை, அதே பள்ளிக்கூடம், சட்டவிரோதக் குடியேறி. அவன் எங்கிருந்து குடியேறினான் என்று கேட்காதீர்கள். அக்காவின் மகன் 2009இல் பிறந்தவன். அக்காவின் கணவரும் முகாம் ஆள் என்பதால் அந்தப் பையனும் இந்தியன் இல்லை. தாய் இந்தியர், மாமா அந்நியர், பிள்ளை அந்நியர். உறவுமுறைப் பட்டியல் போட்டு மானிடவியல் பாடம் நடத்தலாம்.

*

நீதிமன்றம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த மலையக வம்சாவளியினர் அறுபத்தைந்து பேர் போட்ட வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்களைச் சட்டத்தின் வறட்டு அர்த்தத்தில் பார்க்கக் கூடாது, புதிதாக மனுக்களை வாங்கி மேலே அனுப்புங்கள், பதினாறு வாரத்தில் முடிவெடுங்கள் என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்குப் பூட்டைத் திறந்து வசிப்பை ஐந்தாண்டாக்கியது. முஸ்லிம்கள் அதில் இல்லை, இலங்கை அதில் இல்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்த கூட்டங்களில் நானும் பேசினேன். இலங்கையையும் சேருங்கள் என்று மட்டும் கேட்பது, மதத்தை அளவுகோலாக ஏற்றுக்கொண்டு நமக்கு மட்டும் இடம் கேட்பதாகும் என்பது என் கருத்து. ஆனால் முகாமில் இருக்கும் தம்பி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, உங்க கொள்கைக்கு நாங்க இன்னும் எத்தன வருஷம் வரிசைல நிக்கணும்?" என்றான். அவனுக்குச் சொல்லப் பதில் என்னிடம் இல்லை, இப்போதும் இல்லை.

2021இல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பேரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. புதிய வீடுகள் சில இடங்களில் வந்தன. 2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் பாஸ்போர்ட் இல்லாமல் இருந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. சிறைக்குப் போக வேண்டாம் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் குற்றவாளி இல்லை என்பதற்கும் குடிமகன் என்பதற்கும் நடுவே உள்ள தூரம் அப்படியே இருக்கிறது.

ஈழ ஆதரவு நண்பர்கள் சிலர் வேறொன்று சொல்கிறார்கள்: இங்கே குடியுரிமை கேட்பது தாயகக் கோரிக்கையைப் பலவீனப்படுத்தும், திரும்பிப் போக வேண்டியவர்கள் இவர்கள். வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களில் திரும்ப நினைப்பவர்களுக்கு அது நியாயமாகவே இருக்கலாம். மலையகத்தவருக்குத் திரும்ப எந்தக் காணி இருக்கிறது? லயத்து அறை கம்பெனிக்குச் சொந்தம். இலங்கை தன் தவற்றை ஓரளவு திருத்தியதையும் மறைக்கக் கூடாது. 1988இல் ஒரு சட்டம், 2003இல் இன்னொன்று: 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசித்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை. 2003 டிசம்பரில் பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் பதிந்துகொண்டார்கள். பத்தாண்டு விசாரணையில் முடியாதது பத்து நாளில் முடிந்தது. இந்தியாவுக்கு ஓடிவந்தவர்களின் இடைவெளியை மன்னிக்கும் திருத்தமும் 2009இல் வந்தது. ஆக, சித்தி விரும்பினால் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். இதை அவளிடம் சொன்னேன். "அங்க எனக்கு யாரு இருக்கா கண்ணு? எங்கப்பாவப் பொதச்சதே இங்கதான" என்றாள்.

வக்கீல் ஒருவரின் யோசனைப்படி, 2019 தீர்ப்பைக் காட்டி, சித்தியின் பேரில் ஐந்தாவது பிரிவின்கீழ் மனு போடுவது என்று முடிவாயிற்று. இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, கலெக்டர் ஆபீசில் கொடுக்க வேண்டும். முகாமில் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தம்பி கைபேசியில் நிரப்ப, நான் டிரங்குப் பெட்டியிலிருந்து காகிதங்களை எடுத்துக் கொடுத்தேன். 1984 பதிவு அட்டை, குடும்ப அட்டை, தோட்டத்துப் பிறப்புப் பதிவின் மங்கிய நகல், சின்னத் தாத்தாவின் இறப்புச் சான்று. தகப்பன் பிறந்த இடம் என்ற கட்டம் வந்தபோது சித்தி சாதாரணமாக, "துறையூர்னு போட்டுரு" என்றாள். தம்பி என்னைப் பார்த்தான். துறையூர் என்று எழுதினால் அவள் வம்சாவளி. முகாமில் இது எல்லோருக்கும் தெரியும். எழுதியவர்களும் உண்டு, அவர்களைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் தோட்டத்துப் பதிவு மனுவோடு இணைக்கப்படுகிறது, ஒத்துப் பார்ப்பார்கள். தாத்தாவின் பதினான்கு மாதம் எனக்கு ஞாபகம் வந்தது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தோட்டத்தின் பேரையும் தலவாக்கலையையும் எழுதினோம். தனித்தாளில், அவருடைய தகப்பனாரும் மூத்த அண்ணனும் துறையூர்ப் பக்கம் பிறந்தவர்கள், அண்ணன் குடும்பம் 1973 முதல் இந்தியக் குடிமக்கள் என்று எழுதி, தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் நகலையும் அம்மாவின் வாக்காளர் அட்டை நகலையும் சேர்த்தோம். அந்தத் தாளுக்குப் படிவத்தில் இடம் கிடையாது, வாங்க மாட்டேன் என்று கவுன்டரில் சொன்னார்கள். வக்கீல் பேசிய பிறகு பின்னால் சேர்த்துக் குத்திக்கொண்டார்கள். மனு கொடுத்து எட்டு மாதமாகிறது. ஒப்புகைச் சீட்டு டிரங்குப் பெட்டியில், 1984 அட்டைக்கு அடியில் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு வருகிற ஐந்தாம் தேதி.